ஜாதிக்காயின் பிறந்தகம்

ஜாதிக்காயை நேயர்களுக்கு நான் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. நம் இல்லங்களில் பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு அடுத்தபடியாகப் பழக்கமாகும் வஸ்து அதுதான். வசம்பு, மாசிக்காய், கடுக்காய், சுக்கு முதலிய பரிவாரங்களுடன் அது உரைமருந்துப் பெட்டியில் வீற்றிருக்கும். கல்லில் இரண்டு சுற்று உரைத்து, பாலில் குழைத்து, சங்கினால் புகட்டிவிட்டு, "இனிமேல் குழந்தை நன்றாய்த் தூங்கும்" என்று பாட்டிமார் தீர்ப்புக் கூறுவார்கள். இக்காலத்து வைத்தியர்களோ இதைக் கேட்டதும் கண்ணை உருட்டுகிறார்கள். பச்சைக் குழந்தைக்கு ஜாதிக்காய் கூடவே கூடாது என்கிறார்கள். எங்கள் பெண்ணும் வைத்தியர் கட்சி. ஆகவே எங்கள் வீட்டு உரைகல் பரணில் ஏறிவிட்டது. அந்த வழக்கில் நான் தலையிடப் போவதில்லை. நான் சொல்ல வந்தது, ஜாதிக்காயின் பிறந்தகத்துக்கு நானும் என் மனைவியும் போய், ஒரு பகல் முழுவதும் இருந்துவிட்டு வந்த சமாசாரம்.

அந்தப் பிறந்தகத்துக்குப் பாண்டா என்று பெயர். பாண்டியனுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஜாவாவுக்குக் கிழக்கே ஏறக்குறைய 2000 கிலோமீட்டர் தூரத்தில், ஸெராம் என்னும் பெரிய தீவுக்குத் தெற்கே 140 கிலோமீட்டரில், ஆழங்காண முடியாத கருநீலக் கடலின் நடுவே யாரோ கைதவறிச் சிந்திவிட்ட கடுகு போல் பத்துப் பன்னிரண்டு தீவுகள் கிடக்கின்றன. பூமிப்படத்தில் அவற்றைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறக்கும் வரையில், உலகத்துச் சந்தையில் விற்ற ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் அநேகமாக முழுவதும் இந்தக் கடுகுகளிலிருந்து போனவையே.

ஆம்பொன் துறைமுகத்தில் நாங்கள் ஏறிய கப்பல், கப்பல் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டிய அளவுக்குச் சிறியது. ஸெலிபிஸ் தீவின் தச்சர்கள் கட்டும் 'பினிசி' என்னும் மரக்கலம், இரண்டு பாய்மரம், அவசரத்துக்கு ஓர் இயந்திரம். பிரயாணிகள் 18 பேர். முதல் நாள் இரவு கடல் எங்களைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவது போல் ஆட்டிற்று. தொட்டிலில் கிடக்கும் குழந்தை ஏன் சில சமயம் வீறிட்டு அழுகிறது என்பது அன்றிரவு எனக்கு விளங்கியது. உரைமருந்து கொடுப்பாரும் இல்லை.

விடியற்காலையில் ஆட்டம் நின்றது. மேல்தளத்துக்கு ஏறிப் பார்த்தால், எதிரே கடலிலிருந்து நேராக எழும்பிய ஒரு மலை, அச்சில் வார்த்த சர்க்கரைக் கட்டியைப் போல். குனுங் ஆப்பி என்று பெயர். நெருப்பு மலை என்று அர்த்தம். பெயருக்கு ஏற்ற நெருப்பை அது கடைசியாகக் கக்கியது 1988-ஆம் ஆண்டில். அப்போது கடலுக்குள் ஓடிய குழம்பு, வழியிலிருந்த பவழப் பாறைகளையெல்லாம் பொசுக்கிவிட்டதாம். ஆனால் சில ஆண்டுகளுக்குள் அந்தக் கரிய பாறையின் மேலேயே புதுப் பவழம் மேஜை மேஜையாக விரிந்து வளர்ந்து, சாஸ்திரக்காரர்களைத் திகைக்க வைத்தது. இந்த மலைக்கும் நேய்ரா என்ற ஊர்த்தீவுக்கும் இடையே ஒரு குறுகிய நீர்வழி; அதுவே துறைமுகம். நாங்கள் அதற்குள் நுழையும்போது, நீண்ட படகு ஒன்றில் வாலிபர்கள் தாளத்துக்குத் துடுப்புப் போட்டுப் பாடிக்கொண்டே எங்களை எதிர்கொண்டார்கள். அந்தப் படகின் பெயர் கோரா கோரா. ஒரு காலத்தில் யுத்தப் படகு. இன்று வரவேற்புப் படகு.

எங்களைச் சுற்றிக் காண்பிக்க வந்தவர், பள்ளிக்கூடத்து உபாத்தியாயராக இருந்த ஓர் இளைஞர். என்னை 'பாக்' என்றும் என் மனைவியை 'இபு' என்றும் அழைத்தார். அந்தப் பாஷையில் அப்பா, அம்மா என்று பொருள். அன்று முழுவதும் அந்த அழைப்புக்காகவே என் மனைவி அவருக்கு எல்லா விஷயத்திலும் பரிந்து பேசினாள்.

முதலில் எதிர்க்கரையிலுள்ள பெரிய பாண்டாவுக்குச் சென்று தோட்டம் பார்த்தோம். தோட்டம் என்றதும் வரப்பும் வாய்க்காலும் நினைக்க வேண்டாம். அது ஒரு வனம். வானளாவிய கெனாரி மரங்கள் மேலே குடை பிடிக்க, அவற்றின் நிழலில் ஜாதிக்காய் மரங்கள், பெரிய வீட்டுப் பெண்களைப் போல் வெயில் படாமல் நிற்கின்றன. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு; காய்ப்பது பெண் மரந்தான். ஒருவர் நீண்ட மூங்கிற் கழியை உயர்த்தினார். கழியின் நுனியில் சிறு கூடை. கூடை வாயில் இரண்டு கொக்கி. காம்பை இழுத்தால் பழம் தரையில் விழாமல் கூடைக்குள்ளேயே விழுகிறது. பார்ப்பதற்கு வாதுமைப் பழம் போன்ற மஞ்சள் பழம். அதை இரண்டாகப் பிளந்து என் மனைவியின் கையில் வைத்தார்.

அவள் "அடாடா!" என்றாள். அதற்கு மேல் பேச்சு எழவில்லை. வெண்மையான சதைக்குள் பளபளவென்று கரும்பழுப்பு விதை. அந்த விதையைச் சுற்றிக் குங்குமத்தில் தோய்த்த பட்டு நூலால் வலை பின்னியது போல் ஜாதிபத்திரி. அவ்வளவு சிவப்பை நான் மணப்பெண்ணின் கூறைப்புடவையில்தான் கண்டிருக்கிறேன். வெயிலில் உலர உலர அது மங்கி, நம் மளிகைக் கடையில் பார்க்கும் மஞ்சள் கலந்த நிறத்தை அடைகிறது. விதையை உடைத்தால் உள்ளே இருப்பது ஜாதிக்காய். சதையையும் எறிவதில்லை, சர்க்கரைப் பாகில் ஊறவைத்து உலர்த்தித் தின்பண்டம் செய்கிறார்கள். வாசலில் பத்திரி உலர்த்திக் கொண்டிருந்த ஒரு கிழவி எங்களுக்கு அதைத் தின்னக் கொடுத்தாள். பாஷை தெரியாத என் மனைவி, கல்லில் உரைப்பது போலவும் குழந்தைக்குப் புகட்டுவது போலவும் அபிநயம் பிடித்துக் காட்டினாள். கிழவிக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை. விழுந்து விழுந்து சிரித்து, இன்னும் ஒரு கை தின்பண்டம் கொடுத்தாள்.

இத்தனை அழகான ஒரு பழம் ஒரு ஜனசமூகத்தையே கொன்றது என்றால் நம்ப மனம் வருகிறதா?

பழைய காலத்தில் பாண்டா ஜனங்களுக்கு அரசன் இல்லை. 'ஓராங் கயா' எனப்படும் ஊர்ப் பெரியோர்கள் கூடிப் பேசிக் காரியங்களை நடத்தினார்கள். தீவில் நெல் விளையாது. வெளியிலிருந்து வந்த அரிசிக்கும் சவ்வரிசி மாவுக்கும் துணிக்கும் பண்டமாற்றாக ஜாதிக்காயைக் கொடுத்தார்கள். அந்தத் துணியில் பெரும்பகுதி கூர்ஜரத்திலும் நம் சோழமண்டலக் கரையிலும் நெய்யப்பட்டது. இப்படி நம் நெசவாளியின் தறிக்கும் இந்த மரத்துக்கும் நெடுநாளைய உறவு. போர்த்துகீசியர் 1512-லும் ஒல்லாந்தர் 1599-லும் வந்து சேர்ந்தார்கள். ஒல்லாந்தக் கம்பெனியின் கோரிக்கை மிகவும் எளியது: "எங்களுக்கு மட்டுமே விற்க வேண்டும், விலையையும் நாங்களே சொல்வோம்." ஜாவாக்காரன், அராபியன், இங்கிலீஷ்காரன் என்று வந்தவர்க்கெல்லாம் விற்றுப் பழகிய ஜனங்கள் இதற்கு எப்படி இசைவார்கள்? 1609-ல் ஒல்லாந்தக் கடற்படைத் தலைவன் ஒருவனைப் பதுங்கியிருந்து கொன்றார்கள். கம்பெனி அதை மறக்கவில்லை.

1621-ல் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்ஸூன் கூன் பெரும்படையுடன் வந்தான். (கூன் என்பது அவனுடைய குலப்பெயர். நம் பாஷையில் அச்சொல்லுக்குள்ள அர்த்தத்துக்கு நான் பொறுப்பாளி அல்ல.) மே மாதம் 8-ஆம் தேதி, நேய்ராவில் நஸ்ஸாவ் கோட்டையருகே 44 பெரியோர்களை மூங்கில் அடைப்புக்குள் நிறுத்தி, கூலிக்கு அமர்த்திய ஜப்பானிய வாள்வீரர்களைக் கொண்டு வெட்டுவித்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் வெட்டுண்டவர்கள், மலையில் பட்டினி கிடந்து மாண்டவர்கள், பட்டேவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள், படகேறிக் கிழக்கே கேய் தீவுகளுக்கு ஓடிப் பிழைத்தவர்கள் எல்லாரும் போக, 15,000 பேர் என்று மதிக்கப்பட்ட ஜனத்தொகையில் தீவுகளில் மிஞ்சியவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர்.

ஜனங்கள் போனார்கள், மரங்கள் நின்றன. மரத்துக்குப் பழம் பறிக்கத் தெரியாதே! தோட்டங்களை 68 பாகங்களாக அளந்து ஒல்லாந்தக் குடியேற்றக்காரர்களுக்குக் கொடுத்து, வேலைக்கு அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கெங்கிருந்து என்று உபாத்தியாயர் விரல் விட்டு எண்ணினார்: "புட்டோன், போர்னியோ, ஜாவா, சீனக் கரை, மலையாளம், கூர்ஜரம், சோழமண்டலம்..."

கடைசிப் பெயரில் நான் அவரை நிறுத்தினேன். மறுபடியும் சொல்லச் சொன்னேன். சொன்னார். சற்று முன்பு ஒருவர் கழியினால் பழம் பறித்த அதே நிழலில், பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்தோ நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்தோ பஞ்சத்தில் விலைப்பட்டு வந்த ஒருவன் நின்று அண்ணாந்து பார்த்திருப்பான். அவன் எந்தப் பெயரால் அழைக்கப்பட்டானோ, எந்தத் தெய்வத்தை நினைத்தானோ! ஒல்லாந்தர் ஆண்ட இந்தத் தீவுகளில் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது 1860-ல். நம் வீட்டு உரைகல்லின் மணத்துக்கு இப்படி ஒரு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்று எங்கள் பாட்டி அறிந்திருக்கமாட்டாள்.

பக்கத்தில் ருன் என்று ஒரு சிறு தீவு. அதை இங்கிலீஷ்காரர் தங்களுடையது என்று உரிமை கொண்டாடினார்கள். 1667-ல் பிரேடா நகரத்து உடன்படிக்கையில் அந்த உரிமையை விட்டுக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் தாங்கள் பிடித்து வைத்திருந்த மான்ஹட்டன் தீவைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு லாபம் ஒல்லாந்தருக்கு என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். பிற்காலத்தில் பிரிட்டிஷார் பாண்டாவைச் சில வருஷம் பிடித்து வைத்திருந்தபோது, நாற்றுகளைப் பினாங்குக்கும் இலங்கைக்கும் கொண்டு போய்விட்டார்கள். ஏகபோகம் அத்துடன் தீர்ந்தது. இன்று கேரளத்துத் தோட்டங்களிலும் ஜாதிக்காய் ஏராளமாக விளைகிறது. மேற்கிந்தியத் தீவாகிய கிரனடா அதைத் தன் கொடியிலேயே தீட்டி வைத்திருக்கிறது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் நேய்ராவில் நடந்தோம். 1611-ல் கட்டிய ஐங்கோணக் கோட்டை பெல்ஜிகா மேட்டின் மேல் நிற்கிறது. அங்கிருந்து துறைமுகம் படம் எழுதினாற்போல் இருக்கும் என்று சொல்லி மேலே செல்கிறேன். பொருட்காட்சிச் சாலையில் ஒரு பெரிய சித்திரம். அந்த 44 பேரின் வதையை எழுதியிருக்கிறார்கள். எங்களுடன் வந்த ஒல்லாந்துப் பெண்மணி ஒருவர், ஓய்வு பெற்ற உபாத்தியாயினி, அதன் எதிரே நெடுநேரம் நின்றார். பிறகு, "எங்கள் தேசத்தில் ஹோர்ன் என்ற ஊரில் இந்த மனிதனுக்குச் சிலை இருக்கிறது. சிறுமியாய் இருந்தபோது அதன் அடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறேன்" என்றார். 1893-ல் நிறுவிய சிலை அது. 2011-ல் ஒரு பாரந்தூக்கி இயந்திரம் தவறுதலாக இடித்துக் கூன் தலைகுப்புற விழுந்தான். மறுபடியும் தூக்கி நிறுத்தினார்கள். ஆனால் அவன் பாண்டாவில் செய்ததைச் சொல்லும் புதிய வாசகம் ஒன்றையும் பீடத்தில் சேர்த்தார்கள். "இயந்திரத்துக்கு இருந்த புத்தி" என்று நான் ஆரம்பித்தேன். என் மனைவி என் முழங்கையைத் தொட்டாள். அந்த அம்மாளின் கண்களைப் பார்த்து நானும் நிறுத்திக்கொண்டேன்.

ஊருக்குள் ஒரு கிணறு. பாரிகி ரந்தே, அதாவது சங்கிலிக் கிணறு என்று பெயர். அங்குள்ள ஞாபகச் சின்னத்தில் 1621-ல் வெட்டுண்டவர்களின் பெயர்களுடன், முந்நூறு வருஷங்களுக்குப் பின் இத்தீவுக்கு நாடு கடத்தப்பட்ட தேசபக்தர்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆம், ஜாதிக்காயின் விலை சரிந்த பிறகு ஒல்லாந்தர் பாண்டாவுக்கு வேறு உபயோகம் கண்டுபிடித்தார்கள். நமக்கு அந்தமான் எப்படியோ, ஏறக்குறைய அப்படி.

முகம்மது ஹத்தாவைப் பற்றி நம்மவர் அதிகம் அறியாதது வருந்தத் தக்கது. ஒல்லாந்தில் பொருளாதாரம் படித்தவர். 1927-ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் கூடிய ஏகாதிபத்திய எதிர்ப்பு மகாநாட்டில் ஜவாஹர்லாலைச் சந்தித்தவர். 1934-ல் ஒல்லாந்த சர்க்கார் அவரையும், அவரிலும் ஏழு வயது இளையவரான சுதன் ஷாரீரையும் விசாரணையின்றிச் சிறைப்படுத்தி, நியூகினியின் மலேரியாக் காட்டிலுள்ள திகுல் முகாமுக்கு அனுப்பிற்று. 1936-ல் அங்கிருந்து பாண்டாவுக்கு மாற்றினார்கள். ஹத்தா வந்து இறங்கியபோது அவருடன் 16 பெட்டிப் புத்தகங்கள் இறங்கின என்று சொல்கிறார்கள்.

அவர் இருந்த வீட்டைப் பார்த்தோம். பெரிய வெள்ளை வீடு; தட்டச்சு இயந்திரம், மூக்குக் கண்ணாடி முதலியவற்றைப் பத்திரமாய் வைத்திருக்கிறார்கள். ஆனால் என் கால்கள் நின்ற இடம் கொல்லைப்புறம். அங்கே சில பலகைகளும் ஒரு கரும்பலகையும் இருக்கின்றன. தீவுக் குழந்தைகளுக்கு ஹத்தாவும் ஷாரீரும் பாடம் சொல்லிக் கொடுத்த இடம். இருவரும் இரு துருவம். ஹத்தா அளந்து பேசுவார். மாலையில் அவர் உலாவக் கிளம்பினால் ஊரார் கடிகாரத்தைத் திருத்திக் கொள்ளலாமாம். ஷாரீரோ குழந்தைகளோடு கடலில் குதித்து நீந்துவார். இசைத்தட்டுப் போட்டுக் கேட்பார். தேசம் விடுதலை பெறும் வரை விவாகம் செய்து கொள்வதில்லை என்பது ஹத்தாவின் விரதம். 1945 நவம்பரில் அவர் மணந்தபோது மணமகளுக்கு அளித்த பரிசம் கிரேக்கத் தத்துவ ஞானத்தைப் பற்றித் தாமே எழுதிய ஒரு புத்தகம். இதைக் கேட்டதும் என் மனைவி, "பாவம் அந்தப் பெண்" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஆனாலும் அதை யாரும் அடகு வைக்கச் சொல்லமாட்டார்கள்" என்றாள்.

ஆறு வருஷம் இப்படிக் கழிந்தது. 1942 ஜனவரி முடிவில் ஜப்பானியர் ஆம்பொன் மீது பாய்ந்தார்கள். பிப்ரவரி முதல் தேதி காலையில் ஒரு கடல் விமானம் துறைமுகத்தில் இறங்கிற்று; இருவரையும் ஜாவாவுக்கு உடனே கொண்டு போக உத்தரவு. தம்மிடம் வளர்ந்த குழந்தைகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார் ஷாரீர். விமானத்தில் இருந்த இடமோ கொஞ்சம். குழந்தைகள் ஏறினார்கள், ஹத்தாவின் புத்தகப் பெட்டிகள் கரையில் நின்றுவிட்டன. புத்தகத்துக்காகச் சாப்பாட்டை மறக்கும் அந்த மனிதர் அப்போது என்ன நினைத்தாரோ! பின்தங்கிய சிறுவர்களில் தெஸ் அல்வி என்பவர் பிற்பாடு ஜாவாவுக்குப் போய்ச் சேர்ந்து, விடுதலைப் போரில் கலந்து, ராஜதந்திரியாகி, 2010-ல் காலமாகும் வரை இந்தத் தீவின் பழமையைக் காப்பதில் முனைந்திருந்தார். கொல்லைப்புறப் பள்ளிக்கூடம் வீண் போகவில்லை.

அதன் பின் நடந்தது உலகம் அறிந்தது. 1945 ஆகஸ்டு 17-ல் சுதந்திரப் பிரகடனத்தில் ஸுகார்ணோவுடன் கையெழுத்திட்டவர் ஹத்தா. அவ்வாண்டு நவம்பரில் முதல் பிரதம மந்திரியானவர் ஷாரீர், வயது 36. 1946-ல் நம் நாட்டில் உணவுப் பஞ்சம் தலைவிரித்தபோது, தம் ஜனங்களே கந்தலுடுத்தி யுத்தம் செய்து கொண்டிருந்த வேளையில், இந்தியாவுக்கு ஐந்து லட்சம் டன் அரிசி தருவதாக முன்வந்தவர் அவரே. 1947 ஜூலையில் ஒல்லாந்தரின் முற்றுகையைத் தாண்டி அவரை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார் ஒரிஸ்ஸாவின் பிஜு பட்நாயக். 1949 டிசம்பர் 27-ல் ஆம்ஸ்டர்டாம் அரண்மனையில் ஒல்லாந்த ராணியின் முன்னிலையில் தேசத்தின் ஆட்சியுரிமையைப் பெற்றுக்கொண்டவர், அந்தக் கரும்பலகையில் சுண்ணக்கட்டி பிடித்த அதே ஹத்தா.

இத்துடன் முடித்துவிடலாம். நம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கு இவ்விடத்தில் முடித்துவிடுவதில் ஒரு பிரியம் உண்டு. ஆனால் ஷாரீரின் வீட்டில் உபாத்தியாயரிடம் நான் இன்னொன்றும் கேட்டேன்.

"1962-ல் அவரைச் சிறைப்படுத்தியது யார்?"

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "எங்கள் சர்க்கார்தான், பாக்" என்றார்.

"விசாரணை நடந்ததா?"

"இல்லை."

சிறையில் பக்கவாதம் கண்டு, சிகிச்சைக்காக ஸ்விட்ஸர்லாந்துக்குப் போக அனுமதிக்கப்பட்டு, 1966 ஏப்ரலில் ஸூரிக் நகரில் ஷாரீர் மாண்டார். மாண்ட அன்றே அவரைத் தேசிய வீரர் என்று அறிவித்தார்கள். அந்நியன் விசாரணையின்றிச் சிறை வைத்தான். சொந்த ராஜ்யமும் விசாரணையின்றிச் சிறை வைத்தது. எது அவருக்கு அதிகம் வலித்திருக்கும் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் உபாத்தியாயர், "வீட்டைப் பூட்டும் நேரமாகிவிட்டது" என்று சொல்லிச் சாவியை எடுத்தார். அவர் பூட்டும் வரையில் நாங்கள் தெருவில் நின்றோம். மேஜையின் மேலிருந்த பழைய இசைத்தட்டுப் பெட்டி ஜன்னல் வழியே தெரிந்தது.

சந்தையில் என் மனைவி பத்து ஜாதிக்காய் வாங்கினாள். மகள் கேட்டால் பாயசத்துக்கு என்று சொல்வதாய் உத்தேசம். முற்காலத்தில் வேறெங்கும் முளைத்துவிடக் கூடாதென்று ஒல்லாந்தர் காய்களைச் சுண்ணாம்பு நீரில் முக்கி அனுப்புவார்கள் என்று உபாத்தியாயர் சொல்லியிருந்தார். அவள் ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றிலும் வெள்ளை இல்லை.

பொழுது சாயும்போது கப்பல் கிழக்கு நோக்கிக் கிளம்பிற்று. பழைய படங்களில் பீஸாங் என்றும் ரோஸன்கைன் என்றும் குறித்திருக்கும் இரண்டு தீவுகளுக்கு இப்போது ஷாரீர் தீவு, ஹத்தா தீவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒன்று அருகில் பச்சையாய்க் கடந்தது. மற்றது தொலைவில் நீலமாய் நின்றது. ஒல்லாந்துப் பெண்மணி எங்கள் பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த கரை எது?" என்று கேட்டாள் என் மனைவி.

"கேய்" என்றார் அவர். 1621-ல் தப்பியோடியவர்களின் சந்ததியார் அங்கே இரண்டு ஊர்களில் இன்னமும் பழைய பாண்டா பாஷையைப் பேசுகிறார்கள் என்பதை அவரும் படித்திருந்தார். அவர்களுக்குச் சொல்வதற்காக ஏதோ ஒரு வார்த்தையைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். என்ன வார்த்தை என்று நாங்கள் கேட்கவில்லை.